உயிர்ச்சேதம் இல்லை

அலைவரிசை ஒலிக்கூடம் எரிந்த அன்று யாரும் சாகவில்லை. அதனால் மாலைச் செய்தியில் மழைக்கும் விளையாட்டுக்கும் நடுவே அதற்கு ஒரு சின்ன இடம்தான் கிடைத்தது. சாலிகிராமத்தில் தீ விபத்து, உயிர்ச்சேதம் இல்லை என்று படித்துவிட்டுச் செய்தி வாசித்த பெண் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

ரெஜினா அப்போது தெருவில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண்ணாக அந்தக் கட்டடத்துக்குள் வேலைக்கு நுழைந்தவள், இப்போது தலை பாதி நரைத்துத் தலைமை ஒலிப்பொறியாளராக இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குளிர்சாதனக் குழாய்க்குள் எங்கோ ஒயர் உருகிப் பிடித்த தீ அது. ஒலிக்கூடத்துச் சுவர் என்பது பஞ்சும் துணியும் மரமும்தான். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கப் பார்த்துப் பார்த்து அடைத்ததெல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. எல்லாரும் படியிறங்கி ஓடி வந்துவிட்டார்கள். குமணன் மட்டும் திரும்பி மாடிக்கு ஓடினான். ரெஜினாவுக்கு அடுத்த நிலையில் இருந்த பொறியாளன் அவன். இரண்டாவது மாடியிலிருந்த இரும்புப் பெட்டகத்தின் கைப்பிடியை அவன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது தீயணைப்புக்காரர்கள் அவனைத் தூக்கி வந்தார்கள். உள்ளங்கைத் தோல் கைப்பிடியோடு போய்விட்டிருந்தது.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியபின் தீயணைப்பு அதிகாரி ரெஜினாவிடம் வந்தார்.

"உயிரைக் கொடுத்துப் போய் எடுக்குற அளவுக்கு உள்ள என்னம்மா இருக்கு? படமா, பாட்டா?"

"குரல் சார்."

அவருக்குப் புரியவில்லை. ரெஜினா சொன்னாள். தொண்டைப் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட வேண்டியவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்னால் இங்கே வந்து சில வாரங்கள் தங்கிப் பேசுவார்கள், சிரிப்பார்கள், திட்டுவார்கள். அதையெல்லாம் சேர்த்து அவர்கள் குரலை ஒரு படிகத்துக்குள் இறக்கிவைப்பார்கள். பிறகு அவர்கள் கழுத்தில் ஒரு பட்டை. வாயசைத்தால் பட்டை அந்த அசைவை இங்கே அனுப்பும், படிகம் பேசும், அடுத்த நொடியே அவர்கள் கழுத்திலிருந்து அவர்கள் குரலே கேட்கும். தமிழ்நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் பேர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு காப்பி வேற எங்கயாவது இருக்குமில்ல?"

"இருக்கக் கூடாது சார். அதான் சட்டம்."

அக்கம்பக்கத்து ஒலிக்கூடங்களிலிருந்தெல்லாம் பொறியாளர்கள் வந்து நின்றார்கள். பலபேர் கழுத்தில் ஹெட்போன் அப்படியே தொங்கியது. செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்கள். சத்தத்தோடு வாழ்கிறவர்கள் கூடி நின்ற அந்தத் தெருவில் தண்ணீர் பீய்ச்சுகிற ஓசை மட்டும் கேட்டது. கூட்டத்தில் வயதில் மூத்தவர் தணிகாசலம். நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். நாடாவில் பதிந்த காலத்தில் ஒரு பாட்டு குறைந்தது நாலு இடத்திலாவது இருக்கும், ஒன்று எரிந்தால் இன்னொன்று என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தவர், ரெஜினா பக்கத்தில் நிற்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்தியது ஏனென்று அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டம் வர, குரல் திருட்டை விசாரித்த அரசு ஆணையத்தின் முன்னால் சாட்சி சொன்னவள் அவள்தான். குரல் திருட்டு நாட்டைப் பிடித்து ஆட்டிய வருடங்கள் அவை. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை அவள் அப்பா குரலிலேயே போனில் கூப்பிட்டு, பேருந்து நிலையத்துக்கு வரச் சொல்லி, கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பெண் திரும்பவில்லை. அந்தக் குரல் நிஜமா போலியா என்று சொல்ல ரெஜினாவை அழைத்தார்கள். எத்தனை முறை கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அந்த அப்பாவுக்கும் முடியவில்லை. ஆளுக்கு ஒரு குரல் போல, குரலுக்கும் ஒரே ஒரு பிரதிதான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் சொன்னாள். அப்படியே சட்டமாயிற்று. ஒருவர் குரல் படிகத்தில் ஏறியதும் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அழிக்கப்படும். போனில் இருப்பது போகும். வீட்டிலுள்ள கல்யாண வீடியோவில்கூட அவர் வாய் மட்டும் அசையும். படிகத்தை நகலெடுக்க முயன்றால் அது தானே வெறுமையாகிவிடும்.

தீ அடங்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தாள். பேச்சில்லை. காற்று மட்டும், கழுத்துத் துளை வழியாக வருகிற ஈரமான காற்று. வைத்ததும் இன்னொன்று. அதிலும் மூச்சுதான். பேச முடியாதவர்கள், என்ன ஆயிற்று என்று கேட்க முடியாமல், மாநிலம் முழுக்க இருந்து அவளுக்குப் போன் போட்டு மூச்சு விட்டார்கள். ஒலிப்பதிவுகளில் அந்த மூச்சுகளை வாரக்கணக்கில் வெட்டி ஒட்டியவள் அவள். எது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இருங்க, பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஒரு மூச்சுக்குப் பின்னால் ஓர் ஆண் குரலும் கேட்டது.

"ஏட்டி புஷ்பம், பேசிக்கிட்டே இருந்தவ ஏன் நிப்பாட்டிட்ட? எங்க நிக்க? ஏட்டி..."

உடன்குடியிலிருந்து தங்கபுஷ்பம். கூப்பிட்டவர் அவள் கணவர் ஞானதுரை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனபின் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மனைவி என்பது குரல்தான். எழுதிக் காட்டினாலும் அவரால் படிக்க முடியாது. ரெஜினா ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர், எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்டார். பெட்டகம் தீ தாங்கும், சூடு ஆறட்டும் என்றாள்.

சூடு ஆறியபின் பெட்டகத்தைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பொட்டுக் கரி இல்லை. படிகங்கள் வரிசையாக, வைத்தது வைத்தபடி இருந்தன. முதலாளி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் நம்பித்தான் முதல் படிகத்தை வேறொரு ஒலிக்கூடத்துக் கருவியில் பொருத்தினாள். இரைச்சல் வந்தது. மழை பெய்வது போல ஒரே சீரான இரைச்சல். அடுத்ததிலும் அதேதான். தீ உள்ளே போகவில்லை, சூடு போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள். கைகளில் கட்டோடு வந்திருந்த குமணன், எல்லாப் படிகத்தையும் போட்டுக் கேட்க வேண்டும் என்றான். கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. எல்லாருடைய பட்டையிலும் பொதுக் குரலை ஏற்றிக் கொடுத்தது. அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் அறிவிப்புச் சொல்லுகிற குரல். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. தெளிவான, இதமான, எந்த ஊரும் இல்லாத குரல். பிறகு எல்லாரையும் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்துக் குறை கேட்டார்கள்.

ரெஜினா அந்த மண்டபத்துக்குள் நுழைந்தாள். அறுபது எழுபது பெண்கள் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிள்ளையை அதட்டினாள், ஒருத்தி தண்ணீர் கேட்டாள், ஒருத்தி தன் மகன் போனில் தன்னை அடையாளம் தெரியாமல் வைத்துவிட்டதைச் சொல்லி அழுதாள். எல்லாம் ஒரே தொண்டை. உதட்டைப் பார்த்தால்தான் பேசுவது யாரென்று தெரியும். யார் அழுதாலும் அந்தக் குரல் இதமாகவே அழுதது. மேடையிலிருந்த அதிகாரி, யாருடைய குறை எது என்று தெரியாமல், பேசுகிறவர் கையைத் தூக்குங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞானதுரையைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தங்கபுஷ்பம் பேர் கொடுக்கப் போயிருந்தாள். அவர் முகத்தைத் தூக்கித் தூக்கித் திருப்பினார். எல்லாப் பக்கமும் அவள் இருந்தாள்; எந்தப் பக்கமும் இல்லை. ரெஜினா அவரிடம் போகலாம் என்று இரண்டு நாற்காலி வரிசையைக் கடப்பதற்குள், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் யாரையோ பார்த்து, "கேட்டியளா" என்றாள்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. தங்கபுஷ்பம் எந்தப் பேச்சையும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவாள். ஒலிப்பதிவின்போது தூரத்திலிருந்து கணவனைக் கூப்பிடுவது போலக் கூப்பிடச் சொன்னதற்கு, மைக் அதிரும்படி "கேட்டியளா" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். ஞானதுரை கையை நீட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா? பயந்துட்டேம்ட்டி" என்றார்.

அவள் நாகர்கோவில் பக்கத்துக்காரி. வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கையை உதறவில்லை. அவர் கண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். இதமான அந்தக் குரலில், "அண்ணாச்சி, நான் வேற ஆளு" என்றாள். அவர் கையை விட்டார். அதைவிடக் கொடுமை, நம்பாமல் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டதுதான். சற்றுத் தள்ளி நின்று தங்கபுஷ்பம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் ரெஜினாவைத் தனியாக அழைத்துப் போனாள்.

"மேடம், எங்கொரலு இனி வராதுன்னு எனக்குத் தெரியும். அது வேண்டாம். எனக்குன்னு ஒரு கொரலு இருந்தாப் போதும். அந்த மனுசன் என்னையத் தேடக் கூடாது."

ரயில் அறிவிப்புக் குரல் உடன்குடித் தமிழ் பேசியது. சிரிப்பு வர வேண்டிய இடம். ரெஜினா சரி என்று தலையாட்டினாள்.

சென்னைக்கு வந்ததும் குமணன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வேலையைத் தொடங்கினார்கள். பதிவு எதுவும் கிடையாது. இருப்பது இரண்டு பேர் ஞாபகம்தான். ஞாபகத்தில் கேட்கிற குரலைக் காதால் தேடித் தேடிக் கருவியில் கட்டியெழுப்ப வேண்டும், சாட்சி சொல்லச் சொல்ல வரைகிறவன் திருடன் முகத்தை வரைகிற மாதிரி.

"அக்கா, சட்டப்படி இது போலிக் குரல்," என்றான் குமணன். "நீங்க போய் நின்னு வாங்கின சட்டம்."

"தெரியும்டா."

"மாட்டினா உங்க உரிமம் போயிடும்."

"அந்த ஈரோட்டுப் பொண்ணை நினைச்சுத்தான் அன்னைக்குப் பேசினேன். இன்னைக்கும் அதையேதான் பேசுவேன். ஆனா அந்த மண்டபத்துல நீ இல்ல."

குமணனுக்குக் கைகள் உதவவில்லை. அவன் கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வான், ரெஜினா கருவியின் குமிழைத் திருகுவாள். மூக்கொலி கொஞ்சம் குறையணும் என்பான். வாக்கியம் முடிகிற இடத்தில் தங்கபுஷ்பத்துக்குக் கரகரப்பு வரும் என்பாள் ரெஜினா. கரகரப்பு காலையில் மட்டும்தான் என்று அவன் சண்டைக்கு வருவான். அவன் ஞாபகத்தில் இருந்த தங்கபுஷ்பமும் இவள் ஞாபகத்தில் இருந்தவளும் ஒரே ஆளாக இல்லை. ஒவ்வொரு முயற்சியையும் கேட்டுவிட்டுக் காதைக் கழுவ வெளியே போய் வாகனச் சத்தத்தில் நின்றுவிட்டு வருவார்கள். தணிகாசலம் ஒருநாள் வந்து பின்னால் உட்கார்ந்து கேட்டார். போட்டோ எரிந்துபோனால் ஓவியம்தான், ஆனால் ஓவியம் என்று தெரிந்தே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் அடுத்த வாரம் திரும்பி வந்து, இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று கற்றுக்கொடுக்கும்படி கேட்டார். வெறும் இரைச்சலாகிப்போன அந்தப் படிகங்களில் சிலவற்றுக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவரும்தான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் ரெஜினா ஒரு குமிழைச் சற்றே திருப்பினாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் பேசினாள். குமணன் கண்ணைத் திறந்தான். அவன் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

உடன்குடிக்குக் கிளம்புமுன் ரெஜினா ஆணையத்துக்குப் போய்த் தான் செய்ததைத் தானே சொன்னாள். தண்டனை என்னவென்று பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார்கள். உரிமத்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அதிகாரி வாசல் வரை கூடவே வந்து, அந்தம்மாவுக்குப் பட்டையை மாட்டிவிட்டு வாருங்கள், நாங்கள் மெதுவாகத்தான் வேலை செய்வோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உடன்குடியில் கருப்பட்டிக் கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞானதுரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மெலிந்துபோயிருந்தார். பொதுக் குரலை வீட்டில் பேச வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், அதுவரை மனைவி அவர் முதுகில் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். ரெஜினா பட்டையை மாற்றி மாட்டினாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தங்கபுஷ்பம் கணவரைப் பார்த்தாள்.

"கேட்டியளா... தண்ணி குடிக்கியளா?"

அவர் அசையவில்லை. முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.

"இன்னொரு மட்டம் சொல்லு."

"தண்ணி குடிக்கியளான்னு கேட்டேன்."

"குடிக்கேன்," என்றார். அவள் ஓடிப் போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். அவர் முழுவதையும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இப்போது நீ எங்கே நின்றாலும் தெரியும் என்றார். தங்கபுஷ்பம் அழுதாள். செய்த குரலில் அழுகை எப்படி வரும் என்று ரெஜினா கவனித்து வைத்திருக்கவில்லை. கொஞ்சம் பிசிறடித்தது. ஆனாலும் அது ஒருத்தியின் அழுகையாக இருந்தது.

தங்கபுஷ்பம் மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் யாரோடாவது பேசிக்கொண்டே போவது கேட்டது. அது தேய்ந்து மறைகிறவரை ஞானதுரை காத்திருந்தார்.

"அது அவ கொரலு இல்லம்மா."

ரெஜினா தலைகுனிந்தாள். "தெரியும் அண்ணாச்சி. இதுக்கு மேல எங்களால முடியல."

"கொறையாச் சொல்லல. கல்யாணத்தன்னைக்கும் எனக்கு அவ கொரலு தெரியாது. பழகிக்கிட்டேம்லா? இதையும் பழகிக்கிடுவேன்." கட்டிலின் விளிம்பைத் தடவினார். "ஆனா ஒண்ணு. தீப்பிடிச்ச புதுசுல அந்தப் பழைய கொரலு காதுக்குள்ளயே கெடந்துச்சு. இப்பம் தேடிப் புடிச்சாத்தான் வருது. இனி இதக் கேக்கக் கேக்க, அது போயிரும். அப்படித்தான?"

"அப்படித்தான் அண்ணாச்சி."

"ஒங்களுக்குப் போவாதுல்லா? கொரலைக் கேக்கதுதான் ஒங்க தொழிலே. அவ சிரிச்சது, ஏசுனது எல்லாம் ஒங்க காதுல இருக்கும். அதை நீங்க வச்சுக்கிடுங்க. திரும்பக் குடுக்க வேண்டாம். எங்கயோ ஒரு எடத்துல இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

ரெஜினா கண்ணை மூடினாள். ஒலிக்கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் தங்கபுஷ்பம் மைக் முன்னால் நிற்பது தெரிந்தது. மஞ்சள் சேலை, சாய்த்து வைத்த தலை, கத்துவதற்காக அவள் இழுக்கிற மூச்சு. வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது, குமணன் வீட்டு அறையில் திருகித் திருகி அவர்கள் செய்த குரல். அதைத் தள்ளிவிட்டு அடியில் தேடினாள். அதற்கு முந்தைய வாரம் செய்த குரல் வந்தது. அதற்கு அடியில், அதற்கும் முந்தைய வாரத்தது. அதற்கும் அடியில் மழை பெய்வது போன்ற இரைச்சல்.

இருக்கிறது என்று தலையாட்டினால் அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"இருக்கு அண்ணாச்சி," என்றாள். "என்கிட்ட இருக்கு."

ஞானதுரை அந்தப் பதிலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பவர் போல முகத்தைச் சாய்த்தபடியே இருந்தார். பிறகு, "சரிம்மா" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.